பழைய மோட்டார் சைக்கிளின் உயிர், கியர் பெட்டியில்!

மோட்டார் சைக்கிளுக்கு வயது ஆகிவிட்டால் அது செத்துவிடுமா?

இல்லை. 40 வயது, 50 வயது ஆன வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அப்பா ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுகிறான். பேரன் அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறான்.

வண்டியைக் கொல்வது வயது அல்ல. தவறான எண்ணெய்தான் கொல்லுகிறது. அல்லது, எண்ணெயே இல்லாமல் ஓட்டுவது கொல்லுகிறது.

"பெட்ரோலோடு ஆயில் ஊற்றுகிறோமே, போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம்.

போதாது. அது வேறு எண்ணெய். கியர் பெட்டிக்கு ஊற்றுவது வேறு எண்ணெய். பல வீடுகளில் இந்த இரண்டாவது எண்ணெயை மறந்துவிடுகிறார்கள். எந்த எண்ணெயை ஊற்றுவது? எப்போது மாற்றுவது? எப்படி மாற்றுவது? இதோ, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செம்மண் பாதை

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஊர் கண்டாச்சிபுரம். இது ஒரு தாலுகாவின் தலைநகரம். சுற்றிலும் கிராமங்கள். மல்லாட்டையும், கரும்பும், நெல்லும் விளையும் பூமி.

தார் ரோடு ஊர் வரைக்கும் போகும். அதற்கு அப்பால்?

வண்டிப் பாதை, ஏரிக்கரை, வரப்பு ஓரம். கோடையில் புழுதி பறக்கும். மழைக்காலத்தில் சக்கரம் சேற்றில் புதையும்.

இந்தப் பாதையில்தான் பால் கேன் போகிறது. உர மூட்டை போகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போவதும் இந்தப் பாதையில்தான்.

மேல்நாடுகளில் மண்ணிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே தனியாக மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். அதற்கு 'டர்ட் பைக்' என்று பெயர். மண் பாதை வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து டர்ட் பைக்குகளைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, போட்டி நடத்துகிறவர்களும் அங்கே உண்டு.

நம் கிராமங்களில் அப்படித் தனி வண்டி யாரும் வாங்கியது இல்லை. புல்லட், ஜாவா, எஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 என்று எந்த வண்டி வந்தாலும், ஊருக்குள் வந்துவிட்டால் அது மண் பாதை வண்டிதான்!

தார் ரோட்டில் போகும் வண்டியைவிட, மண் பாதையில் போகும் வண்டிக்கு வேலை அதிகம். அடிக்கடி முதல் கியரிலும், இரண்டாவது கியரிலும் இழுக்க வேண்டும். அடிக்கடி கிளட்சைப் பிடிக்க வேண்டும். அதனால் கியர் பெட்டி சூடாகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் சீக்கிரம் கெடுகிறது.

எண்ணெய் செய்யும் வேலை

கியர் பெட்டிக்குள் இருப்பவை பல் சக்கரங்கள். ஒன்றின் பல் மற்றொன்றின் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றும். இரும்போடு இரும்பு உரசினால் என்ன ஆகும்? சூடு ஏறும். பல் தேயும்.

மாட்டு வண்டி வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். அச்சுக்கு மசகு போடாமல் வண்டி பூட்ட மாட்டார்கள். போடாவிட்டால் 'கிரீச், கிரீச்' என்று ஊரையே கூட்டிவிடும்!

மோட்டார் சைக்கிளிலும் அதே கதைதான். கியர் எண்ணெய் பற்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று உரசலைக் குறைக்கிறது. சூட்டை வாங்கிக்கொள்கிறது. துருப்பிடிக்காமல் காக்கிறது. தேய்ந்து விழும் இரும்புத் தூளை அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

எண்ணெய் தீர்ந்துபோனால், பற்கள் காய்ந்து, சூடேறி, ஒரு நாள் இறுகிக்கொள்ளும். ஓடும்போது அப்படி ஆனால் பின் சக்கரம் பூட்டுப் போட்டதுபோல நின்றுவிடும். ஓட்டுகிறவர் கீழே விழ வேண்டியதுதான். பின்னால் மனைவியும் மடியில் குழந்தையும் இருந்தால்?

ஆகவே, இது காசு விஷயம் மட்டும் அல்ல. உயிர் விஷயம்.

இரண்டு எண்ணெய், இரண்டு வேலை

மைசூரில் 'ஐடியல் ஜாவா' கம்பெனி 1961 முதல் 1996 வரை வண்டி செய்தது. முதலில் 'ஜாவா', பிறகு 'எஸ்டி' என்று பெயர். 'ஆர்.எக்ஸ். 100' நம் நாட்டில் 1985-ல் வந்தது. 1996 வரை விற்றது. இவை எல்லாம் 'டூ ஸ்ட்ரோக்' வண்டிகள்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு சேர்ந்து என்ஜினுக்குள் போகும் எண்ணெய்க்கு '2டி ஆயில்' என்று பெயர். அது பிஸ்டனை நனைத்துவிட்டு, எரிந்து, புகையாக வெளியே போய்விடும். கியர் பெட்டிப் பக்கமே அது போகாது.

கியர் பெட்டிக்குத் தனி அறை. தனி மூடி. தனி எண்ணெய். அது எரிவது இல்லை. நாம் மாற்றும் வரை அங்கேயே கிடக்கும்.

எரியாத எண்ணெய் ஆயிற்றே, ஏன் மாற்ற வேண்டும்?

கிளட்ச் தேய்ந்த தூளும், இரும்புத் தூளும் அதில் சேர்ந்துகொண்டே போகும். பற்களுக்கு நடுவே நசுங்கி நசுங்கி எண்ணெயின் வழுவழுப்பும் போய்விடும். ஒரே எண்ணெயில் பத்து நாள் வடை சுட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

எதைத் தொடுகிறது?

"எந்த எண்ணெய் நல்லது, அண்ணே?" என்று கடைக்காரரிடம் கேட்பவர்கள் அதிகம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

"என் வண்டியில் இந்த எண்ணெய் எதை எதைத் தொடுகிறது?"

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜாவா, எஸ்டி, ஆர்.எக்ஸ். 100 ஆகிய வண்டிகளில் கியரும் கிளட்சும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. கியருக்கு வழுக்க வேண்டும். கிளட்ச் தட்டுகளோ வழுக்கக் கூடாது. ஒன்றை ஒன்று இறுகப் பிடித்தால்தான் வண்டி நகரும்!

கார்களுக்கு விற்கும் சில எண்ணெய்களில் பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக வழுக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். காருக்கு அது நல்லது. இந்த வண்டிகளில் அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். என்ஜின் கத்தும், வண்டி நகராது. மூட்டையோடு ஏரிக்கரை ஏறும்போது பின்னுக்கு வந்துவிடும்.

ஆகவே, கியரும் கிளட்சும் சேர்ந்து குளிக்கும் வண்டிக்கு மோட்டார் சைக்கிள் ஆயிலே வாங்க வேண்டும். கார் ஆயில் கூடாது.

புல்லட்டின் கதை வேறு

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தது புல்லட். 1948-ல் இத்தாலியில் 6 நாள் நடந்த உலகப் போட்டியில் வெற்றி பெற்ற இங்கிலாந்து அணியில் 2 புல்லட்கள் ஓடின. 1952-ல் ஸ்காட்லாந்தின் 6 நாள் போட்டியிலும் ஜானி பிரிட்டன் என்ற வீரர் புல்லட்டில் ஜெயித்தார். பாறை, ஓடை, சேறு இவற்றின் மேல் ஓட்டும் போட்டி அது. ஆக, புல்லட்டும் ஒரு பழைய மண் பாதை வண்டிதான்!

1955-ல் சென்னையில் 'என்பீல்டு இந்தியா' கம்பெனி உருவாயிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. புல்லட் நம் ஊர் வண்டி ஆகிவிட்டது.

பழைய புல்லட்டில் 3 அறைகள் உண்டு. என்ஜினுக்கு ஒன்று. கிளட்சுக்கு ஒன்று. கியருக்கு ஒன்று. ஒன்றில் உள்ள எண்ணெய் மற்றதற்குப் போகக் கூடாது. கியர் எண்ணெய் கிளட்சைத் தொடாததால், கெட்டியான எண்ணெயைக் கியர் பெட்டிக்குத் தாராளமாகப் போடலாம்.

பழைய 4 கியர் புல்லட்டில் இன்னொரு விசேஷம். கியர் பெட்டியில் இருந்து கிக்கர் தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்க நல்ல அடைப்பு கிடையாது. இளக்கமான எண்ணெய் ஊற்றினால் ஒழுகித் தரையில் கோலம் போடும். அதனால் இந்தப் பெட்டிக்கு இளகிய கிரீஸ் போடுவது வழக்கமாயிற்று.

ஆனால் சக்கரத்துக்குப் போடும் கெட்டிக் கிரீஸைப் போட்டு அடைத்துவிடக் கூடாது. பல் சக்கரம் சுற்றும்போது அந்தக் கிரீஸ் ஒதுங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். திரும்பி வராது. பல் காய்ந்துபோகும். இளகிய கிரீஸும் கொஞ்சம் கியர் எண்ணெயும் கலந்து, கேழ்வரகுக் கூழ் பதத்தில் இருக்க வேண்டும் என்பது அனுபவம் உள்ள மெக்கானிக்குகள் கணக்கு.

2009-க்குப் பிறகு வந்த புது அமைப்பு புல்லட் என்ஜின்களில் இந்தக் கதை கிடையாது. அவற்றில் என்ஜினுக்கும், கிளட்சுக்கும், கியருக்கும் ஒரே எண்ணெய். பழைய வண்டிக்குச் சொன்னதைப் புது வண்டிக்குச் செய்துவிடாதீர்கள்!

டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?

எண்ணெய் டப்பாவில் எண்கள் இருக்கும். பயப்பட வேண்டாம். படிப்பது எளிது.

'20 டபிள்யூ 40' என்று இருந்தால், முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைச் சொல்லும். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் இங்கிலீஷ் எழுத்து. இரண்டாவது எண், சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்லும். எண் பெரிதானால் எண்ணெய் கெட்டி.

'90' என்று ஒரு கியர் எண்ணெய் உண்டு. "40-ஐவிட 90 இரண்டு மடங்கு கெட்டி" என்று நினைக்கிறார்கள். அது தவறு. என்ஜின் எண்ணெய்க்கு ஒரு படி, கியர் எண்ணெய்க்கு வேறு படி. கியர் எண்ணெயில் 90 என்பது, என்ஜின் எண்ணெயில் ஏறத்தாழ 40-க்கும் 50-க்கும் சமம். கியர் எண்ணெயில் 80 என்பது ஏறத்தாழ 20-க்கும் 30-க்கும் சமம்.

ஆர்.எக்ஸ். 100-க்கு 10 டபிள்யூ 30 எண்ணெய், சுமார் 650 மில்லி. நம் ஊர் வெயிலுக்கு 20 டபிள்யூ 40 போடும் மெக்கானிக்குகளும் உண்டு. டப்பாவில் '4 ஸ்ட்ரோக்' என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டியின் கியர் பெட்டிக்கு அது ஏற்றதுதான்.

இன்னொரு அடையாளமும் பாருங்கள். டப்பாவின் பின்பக்கம் 'ஜாசோ எம்.ஏ.' என்று இருக்கும். படித்து வாங்கிய பட்டம் அல்ல! கிளட்ச் வழுக்காத எண்ணெய் என்று ஜப்பான் நாட்டுத் தர அமைப்பு வகுத்த அடையாளம் அது. 'எம்.ஏ. 2' என்றால் இன்னும் நல்ல பிடிப்பு. 'எம்.பி.' என்று இருந்தால், கிளட்சும் சேர்ந்து குளிக்கும் வண்டிக்கு வேண்டாம்.

பழைய புல்லட்டுக்கு 90 எண்ணெய் வாங்குகிறவர்கள் 'ஜி.எல். 4' என்ற எழுத்தைத் தேட வேண்டும். 'ஜி.எல். 5' எண்ணெயில் கந்தக மருந்து அதிகம். பழைய கியர் பெட்டிகளில் பித்தளை, வெண்கலத்தால் ஆன புஷ்கள் இருக்கும். கந்தகம் அவற்றை மெல்ல அரிக்கலாம். விலை கூடுதல் என்பதால் நல்லது என்று சொல்ல முடியாது.

விளக்கெண்ணெய் போடலாமா?

சிலர் இப்படியும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது.

1909-ல் இங்கிலாந்தில் வேக்பீல்டு கம்பெனி, விளக்கெண்ணெயைச் சேர்த்து ஓர் எந்திர எண்ணெய் செய்தது. விளக்கெண்ணெய்க்கு இங்கிலீஷில் 'காஸ்டர் ஆயில்' என்று பெயர். அதில் இருந்து பிறந்த பெயர்தான் 'காஸ்ட்ரால்'!

ஆனால் தனி விளக்கெண்ணெய் நாள் ஆக ஆகப் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். கடலை எண்ணெயும் சூட்டில் கெட்டுப்போகும். சமையல் எண்ணெய் சமையலுக்கே இருக்கட்டும்.

மாற்றுவது எப்படி?

ஆர்.எக்ஸ்., எஸ்டி போன்ற வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தும். பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

1. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். சூடான எண்ணெய்தான் அழுக்கோடு சேர்ந்து நன்றாக வடியும்.

2. சமமான தரையில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். என்ஜினை அணையுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

3. அடியில் உள்ள வடிநட்டைச் சுற்றி மண்ணைத் துடையுங்கள். துடைக்காமல் கழற்றினால் மண் உள்ளே போகும்.

4. கீழே பழைய சட்டி ஒன்றை வையுங்கள். சரியான அளவு ஸ்பானரால் நட்டைக் கழற்றுங்கள். கட்டிங் பிளேயர் வேண்டாம். நட்டின் மூலை மழுங்கிவிடும். எண்ணெய் சுடும், கை பத்திரம்.

5. மேல் மூடியையும் திறந்துவிடுங்கள். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் முழுதும் வடியும். கால் மணி நேரம் விடுங்கள்.

6. நட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். கையால் நேராகத் திருகிவிட்டு, பிறகு ஸ்பானரால் அளவாக இறுக்குங்கள். பெட்டி அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

7. புது எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். "இருக்கட்டும்" என்று கூட ஊற்றாதீர்கள். அதிகமானாலும் அடைப்புகள் வழியே ஒழுகும்.

8. வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு, அளவை மறுபடி பாருங்கள். மறுநாள் காலையில் தரையில் சொட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எப்போது மாற்றுவது? வண்டியோடு வந்த புத்தகத்தில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும். மண் பாதையிலேயே ஓடும் வண்டிக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும், வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

எண்ணெய் சொல்லும் சேதி

வடித்த எண்ணெயை உடனே அப்புறப்படுத்தாதீர்கள். அதைப் பாருங்கள். டாக்டர் நாடி பார்ப்பதுபோல!

கறுப்பாக இருந்தால், மாற்ற வேண்டிய காலம் வந்து போய்விட்டது என்று அர்த்தம்.

மினுமினுக்கும் மெல்லிய தூள் கொஞ்சம் இருந்தால் பயம் இல்லை. அது வழக்கமான தேய்மானம். ஆனால் இரும்புச் சில்லு வந்தால், பல் உடைந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டாமல் வண்டியை ஓட்டக் கூடாது.

பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பெட்ரோல் வாடை வந்தாலோ, அளவு குறைந்துகொண்டே போய் வெள்ளைப் புகை அதிகமாக வந்தாலோ, என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உள்ள 'ஆயில் சீல்' என்ற ரப்பர் வளையம் கெட்டிருக்கலாம். அந்தச் சின்ன வளையத்தை உடனே மாற்றினால் செலவு குறைவு. விட்டுவிட்டால், கியர் பெட்டி எண்ணெயை என்ஜினே குடித்துத் தீர்த்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கினால்?

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை ஆறு பெருக்கெடுத்து, ஊருக்குள் தண்ணீர் புகுந்தது.

இப்படிப்பட்ட வெள்ளத்தில் வண்டி மூழ்கினால், தண்ணீர் வடிந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம் என்ன? கிக்கரை உதைப்பது!

அதைச் செய்யக் கூடாது. தண்ணீர் கலந்த எண்ணெயால் பல்லைக் காக்க முடியாது. பேரிங் துருப்பிடிக்கும்.

முதலில் கியர் எண்ணெயை வடித்துவிடுங்கள். என்ஜினுக்குள் போன தண்ணீரையும் மெக்கானிக்கை வைத்து எடுங்கள். பிறகு சரியான ரகத்தில் விலை குறைந்த எண்ணெய் ஒன்றை ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டி, அதையும் வடித்துவிடுங்கள். மூன்றாவதாக ஊற்றும் எண்ணெய்தான் நிலைத்த எண்ணெய். வடித்தது மறுபடி பால் டீ போல இருந்தால், இன்னொரு முறை அலச வேண்டும்.

பழைய எண்ணெயை என்ன செய்வது?

வேலி ஓரம் கொட்டுகிறார்கள். வாய்க்காலில் ஊற்றுகிறார்கள். கதவுக்கும், கட்டில் காலுக்கும் பூசுகிறார்கள்.

இவை எல்லாம் கெடுதல். மண்ணில் கொட்டிய எண்ணெய் மழையோடு இறங்கிக் கிணற்றுக்கும் போகும். தோலில் நெடுநாள் பட்டாலும் தீங்கு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். பெட்ரோலால் கழுவக் கூடாது.

பழைய எண்ணெயை ஆபத்தான கழிவு என்று 2016-ம் ஆண்டு மத்திய அரசு விதிகள் சொல்லுகின்றன. அதைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பு, 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு வந்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. மூடி உள்ள கேனில் ஊற்றிவையுங்கள். பழைய எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கலர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

நாட்காட்டியில் ஒரு வரி

ஒரு லிட்டர் எண்ணெய் சில நூறு ரூபாய். கியர் பெட்டியைப் பிரித்து வேலை பார்த்தால் சில ஆயிரம் ரூபாய். பழைய வண்டிக்குச் சாமான் கிடைப்பதும் குதிரைக் கொம்பு. வண்டி ஒர்க்ஷாப்பில் நின்றால், பால் கேனைச் சுமப்பது யார்?

ஆகவே, எண்ணெய் மாற்றிய அன்றே வீட்டு நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெயின் பெயர் மூன்றும் ஒரு வரியில் அடங்கும். புதிதாக எழுதப் படித்துக்கொண்ட அம்மாவே எழுதலாம். அடுத்த முறை எப்போது என்பதை அந்த வரியே சொல்லும்.

பசிக்கிறது என்று மாடு கத்தும். மோட்டார் சைக்கிள் கத்தாது. அது கத்த ஆரம்பித்தால், அதற்குள் பல் போயிருக்கும்!